அப்பாவுக்கு வைத்த பரீட்சை

அப்பா இறந்து ஒன்றரை வருடம் கழித்து நான் அவருக்கு ஒரு பரீட்சை வைத்தேன்.

ராயகிரியில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. காலை பதினோரு மணி இருக்கும். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் கிளிப் போட்ட பரீட்சை அட்டை, அதில் வினாத்தாள், சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா. எதிரே கோரைப்பாயில் பாப்பாக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டிருக்கிறார். இன்னும் சற்று நேரத்தில் அவர் உடம்பில் என் அப்பா வந்து இறங்குவார் என்று ஏற்பாடு.

எனக்கு இடது பக்கம் அம்மா. வலது பக்கம் அக்கா. சாம்பிராணிப் புகையும் பக்கத்து வீட்டில் யாரோ மீன் பொரிக்கிற வாசமும் ஒன்றாகக் கலந்து வந்தன.

"வந்துட்டாக" என்றார் பாப்பாக்காவின் கணவர் தங்கச்சாமி அண்ணாச்சி. புளியங்குடி பஸ் வந்துவிட்டது என்று சொல்கிற அதே குரல்.

நான் பேனா மூடியைத் திறந்தேன்.

பேசாத மனிதர்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. என் அப்பா சுப்பையா, சங்கரன்கோவில் மார்க்கெட்டில் எலுமிச்சம்பழக் கடை வைத்திருந்தார். விடியற்காலையில் புளியங்குடி மண்டிக்குப் போய்ப் பழம் எடுத்துவந்து பகலெல்லாம் விற்பார். கையெழுத்துக்குப் பதில் பெருவிரல். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். அதை நான் அடிக்கடி சொல்வதாக அக்கா குறைப்பட்டுக்கொள்வாள். இந்த வாரத்துக்கு இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அப்பாவிடம் மொத்தம் இரண்டே வாக்கியங்கள்தான் இருந்தன. எதைக் கேட்டாலும் "எனக்கென்ன தெரியும்?" எதற்கு அனுமதி கேட்டாலும் "ஒனக்குத் தோணுனதைச் செய்." இந்த இரண்டை வைத்தே முப்பது வருடம் குடும்பம் நடத்தினார். வியாபாரத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை. பழத்தை எடுத்துக் காட்டுவார், விரலால் விலை சொல்வார்.

அவர் கடைக்கு ஓட்டல்காரர்கள் வருவார்கள், ஊறுகாய் போடுகிறவர்கள் வருவார்கள். அவர்களைவிட நிரந்தர வாடிக்கை பேய் ஓட்டுகிறவர்கள். சுற்றுவட்டாரத்தில் யாருக்கு எந்த ஆவி பிடித்தாலும் அதை விரட்டப் போகிற பழம் பெரும்பாலும் எங்கள் கடைப் பழம்தான்.

சின்ன வயதில் ஒருநாள் கேட்டேன். "எப்பா, பேய் உண்டாப்பா?"

"எனக்கென்ன தெரியும்? பழம் புள்ளி இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்."

எங்கள் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பெயர் உண்டு. ஆவி பிடித்தவர்களைக் கூட்டிவந்து அம்மன் சன்னதி முன்னால் சக்கரக் குழியில் உட்காரவைப்பார்கள். வந்தது இறங்கிப் போய்விடும் என்பது நம்பிக்கை. ஆக, ஆவியைப் போகச் சொல்ல சங்கரன்கோவில். வரச் சொல்ல வேண்டும் என்றால் எங்கே போவது? அதற்குத்தான் ராயகிரி பாப்பாக்கா.

செல்வி அப்பா எந்தச் செல்வி அப்பா?

அப்பா ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். கடையை அம்மா எடுத்து நடத்தினாள். வியாபாரம் குறையவில்லை. குறைந்தது என்னவென்று அம்மா எங்களிடம் சொல்லவில்லை. பூக்கடைக்காரம்மா ஒருத்தியிடம் சொல்லியிருக்கிறாள். அவள்தான் பாப்பாக்கா வீட்டுக்குக் கூட்டிப்போனது.

அந்த முதல் நாள் கதையை எனக்குச் சொன்னவர் தங்கச்சாமி அண்ணாச்சி. அவர்தான் அங்கே டோக்கன் கொடுப்பவர்.

"இறந்தவுக பேரைச் சொல்லுங்கம்மா."

அம்மாவுக்குப் புருஷன் பெயரைச் சொல்லுகிற வழக்கம் இல்லை. "செல்வி அப்பாங்க" என்றிருக்கிறாள்.

"இங்கன போன வாரம் மட்டும் மூணு செல்வி அப்பா வந்துட்டுப் போயிருக்காக. எந்தச் செல்வி அப்பான்னு நான் கூப்புடுவேன்?"

"எலுமிச்சங்கடைச் செல்வி அப்பான்னு கூப்புடுங்க. வருவாக."

அப்படியே கூப்பிட்டிருக்கிறார்கள். அப்படியே வந்திருக்கிறார்.

வந்தவர் பாப்பாக்காவின் வாயால் கேட்ட முதல் கேள்வி: "பொன்னு, சாப்புட்டியா?"

அம்மா பெயர் பொன்னுத்தாய். முப்பது வருடத்தில் அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்பார், அல்லது தொண்டையைச் செருமுவார். சாப்பிட்டாயா என்று கேட்டதும் கிடையாது. அன்று வீட்டுக்கு வந்த அம்மாவின் முகத்தை என்னால் மறக்க முடியாது. அக்காவைக் கூப்பிட்டு ரகசியம் போலச் சொன்னாள்.

"ஏட்டி, அப்பா செத்த பெறகு ரொம்பத் திருந்திட்டாகட்டி."

அதிலிருந்து மாதம் இரண்டு தடவை, சில மாதம் மூன்று தடவை ராயகிரி. போகும்போது நல்ல சேலை கட்டுவாள். வரும்போது ஏதாவது செய்தி கொண்டுவருவாள். கடையில் பின்பக்கத் தகரம் ஒழுகுதாம், பார்க்கச் சொன்னாகளாம். எனக்குச் சளி பிடித்தது தெரியுமாம். ஒருநாள் கோபமாக வந்தாள்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒங்கப்பா கூடச் சண்டை."

"எதுக்கு?"

"நான் எளைச்சுட்டேனாம். பாத்தா தெரியாதா, எளைக்கத்தானே செய்வேன்னேன். அவுக அதுக்குச் சிரிக்காக."

தன் கோபத்தை அவள் அப்படி ரசித்து நான் பார்த்ததில்லை.

பாப்பாக்காவின் சட்டதிட்டங்கள்

இயற்பியல் படித்தவன் என்ற முறையில் பாப்பாக்காவிடம் நேரிலேயே போய் விளக்கம் கேட்டேன். அவர் கொஞ்சமும் கோபப்படவில்லை. முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டே விளக்கினார்.

இறந்தவர்கள் உடனே தூரப் போய்விட மாட்டார்களாம். சில வருடம் பக்கத்திலேயே இருப்பார்களாம். உயிரோடு இருந்தபோது எந்த நேரத்துக்குப் பசித்ததோ அதே நேரத்துக்குப் பசிக்குமாம். அதனால் ஒரு மணியிலிருந்து இரண்டு மணி வரை யாரையும் கூப்பிடுவதில்லை. பொய் சொல்லத் தெரியாதாம். குளிர்சாதன அறைக்குள் வர மாட்டார்களாம்.

சுவரில் ஒரு அட்டை தொங்கியது: 'செவ்வாய், வெள்ளி மட்டும். அமாவாசை விடுமுறை.'

"அமாவாசைக்குத்தானேக்கா அவங்க வருவாங்கன்னு சொல்லுவாங்க?"

"அதனாலதான் தம்பி லீவு. அன்னைக்கு எல்லாருக்கும் அவுகவுக வீட்டுல படையல் இருக்கும்லா? இங்கன கூப்புட்டா எப்படி வருவாக?"

அந்தத் தர்க்கத்தில் நான் குறை கண்டுபிடிக்கப் பார்த்து இரண்டு நாள் ஆகியும் கிடைக்கவில்லை.

இத்தோடு நின்றிருந்தால் நானும் சும்மா இருந்திருப்பேன். அக்கா கல்யாணம் வந்து குறுக்கே நின்றது.

மூன்று முறை மாற்றிய சட்டை

செல்வி அக்கா பத்தாவதோடு நிறுத்திவிட்டு ரெடிமேட் கடையில் வேலை பார்த்தாள். இளையரசனேந்தலில் இருந்து முத்துக்குமார் என்று ஒருவர் அங்கே ஒரு கட்டம் போட்ட சட்டை வாங்கினார். மறுநாள் அளவு சரியில்லை என்று மாற்ற வந்தார். அதற்கு அடுத்த வாரம் கலர் சரியில்லை என்று வந்தார். மூன்றாவது தடவை வந்தபோது காரணம் சொல்ல மறந்துவிட்டார். அக்காவும் கேட்க மறந்துவிட்டாள்.

பிறகு முறையாகப் பெண் கேட்டு வந்தார்கள். மானாவாரி நிலமும் கொஞ்சம் ஆடுகளும் உள்ள குடும்பம். ஒரே ஆட்கள். ஜாதகமும் பொருந்தியது. அம்மாவுக்கும் பிடித்திருந்தது. தட்டு மாற்றி நிச்சயம் பண்ண வேண்டியதுதான் பாக்கி.

"செல்வி அப்பாட்ட ஒரு வார்த்தை கேட்டுருதேன்" என்றாள் அம்மா.

கேட்டாள். அப்பா, "ஆவணி கழியட்டும் பொன்னு" என்றார். ஆவணி கழிந்தது. "ஐப்பசி கழியட்டும்" என்றார். ஐப்பசியும் கழிந்து, கார்த்திகை மழையும் வந்துவிட்டது.

"எம்மா, நீயே முடிவு பண்ணும்மா. ஒனக்குப் பிடிச்சிருக்குல்லா?" என்றேன்.

"நான் ஒத்தப் பொம்பளை முடிவு பண்ணி, நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா ஊரு யாரைச் சொல்லும்? அவுக வாய்விட்டுச் சொல்லாம நான் தட்டு மாத்த மாட்டேன்."

மாப்பிள்ளையின் அம்மா பொறுமைசாலி. அவரும் ஒரு செவ்வாய்க்கிழமை போனில் சொல்லிவிட்டார். "மதினி, அண்ணாச்சி சொல்லட்டும், அதுல ஒண்ணும் இல்ல. ஆனா இங்க எங்க வீட்டுக்காரரு தங்கச்சி ஒரு பொண்ணைப் பாத்து வச்சிட்டுத் தெனமும் வந்து நிக்கா. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு சொல்லிருங்க."

அன்று அக்கா சாப்பிடவில்லை. வெங்காயம் உரிக்காமலே அழுதாள்.

வினாத்தாள்

நான் அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த காலம். என் கையில் இருந்த ஒரே ஆயுதம் வினாத்தாள். வந்து பேசுவது அப்பாதானா என்று சோதித்துவிட்டால்? இல்லை என்று தெரிந்தால் அம்மா ராயகிரியை விட்டுவிடுவாள், அக்கா கல்யாணம் நடக்கும்.

"செத்தவுகளுக்குப் பரீட்சையாலே வைக்கப் போற?" என்று அம்மா கொதித்தாள். "உசுரோட இருக்கையிலயே அவுக பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்ல."

தங்கச்சாமி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். "வைங்க தம்பி, தாராளமா வைங்க. எத்தனை கேள்வி?" என்றார். அவரே ஒத்துக்கொண்ட பிறகு அம்மாவால் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

பத்துக் கேள்விகள் தயாரித்தேன். வாய்மொழித் தேர்வு. அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இறந்த பிறகு கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. தேர்ச்சி மதிப்பெண் முப்பத்தைந்து சதவீதம். அப்பா என்பதற்காக அதை நான் குறைக்கவில்லை.

கல்யாணத் தேதி. அக்கா பிறந்த கிழமை. நான் எத்தனாவது படிக்கும்போது மஞ்சள்காமாலை வந்தது. நான் பட்டம் வாங்கிய பாடம். கடைத் தராசு எந்த ஊரில் வாங்கியது. இப்படியே போய், பத்தாவது கேள்வி: அம்மாவின் கல்யாணச் சேலை என்ன நிறம்?

விடைக்குறிப்பு தயாரிப்பதுதான் பெரிய பாடு. அம்மாவிடம் கேட்கக் கூடாது, அவள் சாட்சி. கல்யாணப் பத்திரிகையைத் தேடி எடுத்தேன். தாய்மாமாவிடம் கேட்டேன். சேலையை டிரங்குப் பெட்டியைத் திறந்து நானே பார்த்தேன்: அரக்கு. பாச்சா உருண்டை வாசத்தோடு மடித்து வைத்திருந்தாள்.

எங்கள் கடைக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஜோசப் அண்ணாச்சி, அப்பாவோடு இருபது வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். அவரிடம் கேட்டேன். "நான் என்ன படிச்சேன்னு அப்பா உங்ககிட்ட எப்பவாவது சொல்லியிருக்காரா அண்ணாச்சி?"

அவர் யோசித்தார். "ஏதோ பெரிய படிப்புன்னு சொல்லுவாரு தம்பி. என்ன படிப்புன்னா, எனக்கென்ன தெரியும்பாரு."

நான்காவது கேள்விக்கு எதிரே 'இயற்பியல்' என்று எழுதிக்கொண்டேன். அதுதான் சரியான விடை. விடைக்குறிப்பு என்றால் சரியான விடைதானே இருக்க வேண்டும்?

பத்துக்குப் பத்து

ஆக, அந்த வெள்ளிக்கிழமை, ராயகிரி முன்னறைக்கு வருவோம்.

"பொன்னு, சாப்புட்டியா?" என்றார் பாப்பாக்கா. குரல் கொஞ்சம் கட்டையாகியிருந்தது.

"சாப்பிட்டேங்க. ரெண்டு இட்லி" என்றாள் அம்மா, முந்தானையைச் சரிசெய்துகொண்டு. "தப்பா நெனைக்காதீக. இவன் என்னமோ கேக்கணும்ங்கான்."

"கேக்கட்டும். படிச்ச பய, கேக்கத்தானே செய்வான்."

முதல் கேள்வி கேட்டேன். கல்யாணத் தேதியைத் தமிழ் மாதத்தோடு சொன்னார். டிக் போட்டேன். இரண்டாவது, அக்கா பிறந்தது புதன்கிழமை. டிக். மஞ்சள்காமாலை, ஆறாம் வகுப்பு. டிக்.

"நான் என்ன பாடத்தில் பட்டம் வாங்கினேன்?"

"பி.எஸ்ஸி. இயற்பியல்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "முதல் வகுப்பு" என்றார்.

முதல் வகுப்பு என்பதை நான் கேட்கவே இல்லை.

வாசகர்களே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆவியைப் பொய் என்று நிரூபிக்கப் போனவனின் கண்ணைக் கண்ணீர் மறைத்துவிட்டது. அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது. என் படிப்பின் பெயர் தெரிந்திருக்கிறது. டிக் போட்டபோது பேனா தாளைக் கிழித்தது.

ஒன்பதாவது கேள்வி முடிவதற்குள் எனக்கு நியூட்டன் விதி ஒன்றுகூட நினைவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டேன். "எப்பா… நான் சர்க்கார் பரீட்சையில பாஸாயிருவேனாப்பா?"

தங்கச்சாமி அண்ணாச்சி அவசரமாகக் குறுக்கே வந்தார். "தம்பி, பத்துக் கேள்விதான்னு பேச்சு. இதெல்லாம் அதுல இல்ல."

அந்தப் பதற்றத்தில் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கடைசிக் கேள்வியைப் படித்தேன்.

"அம்மாவோட கல்யாணச் சேலை என்ன நிறம்?"

"அரக்கு" என்றது குரல்.

பத்துக்குப் பத்து. சுழித்து வட்டம் போட்டேன். என் டியூஷனில் யாரும் வாங்காத மதிப்பெண்.

"பொன்னு, இப்ப மனசு சரியாயிட்டு. செல்வியை முத்துக்குமாருக்கே குடுத்துரு. எனக்குப் பூரண சம்மதம்" என்றது குரல், கேட்காமலேயே.

அக்கா கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டாள். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சந்தோஷப்படவில்லை. பாப்பாக்காவையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன நெறம்னீக?"

"அரக்கு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அரக்குதான் பொன்னு. நல்லா ஞாபகம் இருக்கு."

அம்மா எழுந்தாள். "ஏலே, எந்திரி. போவோம்."

"எம்மா! நூத்துக்கு நூறும்மா!"

"அதான் சொல்லுதேன். இது அவுக இல்ல."

பச்சை

பாப்பாக்கா ஒரு கண்ணைத் திறந்தார்.

"அரக்கு சரிதானம்மா? நான் பெட்டியத் தொறந்து பாத்தேனே" என்றேன்.

"சரிதான்லே. எனக்குத் தெரியாதா? ஆனா அவுகளுக்கு அது பச்சை. கல்யாணமான மறுவருசத்துல இருந்து பச்சை பச்சைன்னு சண்டை. சேலையக் கொண்டாந்து மொகத்துக்கு நேரா விரிச்சேன். இது வேற சேலைன்னுட்டாக. ஒரு விசயத்துலயாவது வாயத் தொறந்து பேசுனாகன்னா அது இந்தப் பச்சைக்குத்தான். சாகுறதுக்கு முந்துன வாரங்கூடச் சொன்னாக. செத்தா மட்டும் ஒத்துக்கிடுவாகளா?"

எனக்கு இந்தச் சண்டை தெரியாது. இருபத்து நான்கு வருடம் அதே வீட்டில் இருந்தும் தெரியாது.

தங்கச்சாமி அண்ணாச்சி சமாளித்துப் பார்த்தார். "அங்கன போயிட்டா எல்லாம் தெளிஞ்சுரும்லா தாயி? கண்ணு, காது, ஞாபகம் எல்லாம் சுத்தமாயிரும்."

"தெளிஞ்சுட்டா அப்புறம் அது அவுக எப்படி அண்ணாச்சி?" என்றாள் அம்மா. குரலில் கோபமே இல்லை. "பத்துக்குப் பத்து வாங்குற ஆளா எங்க வீட்டுக்காரரு? பிள்ளைக பொறந்த கெழமை அவுகளுக்குத் தெரியுமா? பேசுறதுல மாறிட்டாகன்னு நெனச்சேன். சரி, தனியா இருக்காக, பேசத் தோணும்னு நெனச்சேன். இதை எப்படி நெனைக்க?"

பாப்பாக்கா இரண்டாவது கண்ணையும் திறந்தார். முடியை அள்ளி முடிந்துகொண்டு, தன் சொந்தக் குரலில், "யக்கா, வெயிலா இருக்கு. தண்ணியாவது குடிச்சுட்டுப் போங்க" என்றார்.

அம்மா வாங்கிக் குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அவர் கையை ஒரு நொடி பிடித்துக்கொண்டாள். "நல்லாத்தான் பேசுன தாயி" என்றாள்.

புளியங்குடி பஸ் நிலையம்

புளியங்குடி போகிற பஸ்ஸில் நான் வினாத்தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தேன். இயற்பியலுக்குப் போட்ட டிக் மடிப்புக்கு வெளியே தெரிந்தது. உள்பக்கமாகத் திருப்பி மறுபடி மடித்தேன்.

சங்கரன்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அக்கா உடைந்தாள். பஸ் நிலையத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

"எம்மா, நான்தாம்மா. இவன் எழுதி வச்ச விடைத்தாளை போட்டோ எடுத்து அந்த அண்ணாச்சிக்கு நான்தான் அனுப்பினேன். எல்லாத்தையும் அப்பா கரெக்டாச் சொல்லட்டும், பதிலுக்கு சரின்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கன்னு கேட்டேன்."

நான் வாயைப் பிளந்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் நடத்திய பொதுத்தேர்வில் வினாத்தாள், விடைத்தாள் இரண்டும் கசிந்திருக்கின்றன. கசியவிட்டது என் வீட்டிலேயே.

"அக்கா! இயற்பியல் புஸ்தகத்துக்குள்ள வச்சிருந்தேன்!"

"வேற எங்க வைப்ப நீ?"

"முதல் வகுப்புன்னு நான் அதுல எழுதவே இல்லையே?"

"அது நான் சேத்துவிட்டது" என்றாள், விசும்பலுக்கு நடுவில். "நீ சந்தோசப்படுவேன்னு."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி, இம்புட்டுப் பண்ணுனவ எங்கிட்ட ஒரு வார்த்தை, எனக்கு அவரைத்தான் கெட்டி வைன்னு சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ அப்பாட்ட கேக்கணும்ப."

எலுமிச்சை மூட்டை ஏற்றிய ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அப்போதுதான் அம்மாவின் போன் அடித்தது. இளையரசனேந்தல். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆகிவிட்டிருந்தது. பஸ் சத்தத்தில் காது கேட்காமல் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொன்னாள். போட்டேன்.

"மதினி, போயிட்டு வந்தீகளா? அண்ணாச்சி என்ன சொல்லுதாக?"

அக்கா அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். 'சரின்னுட்டாக' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பொய்கூடக் கிடையாது, சற்று முன்னால் எங்கள் காதால் கேட்டோம்.

"அவுக ஒண்ணும் சொல்லல மதினி" என்றாள் அம்மா.

அக்கா கையை விட்டுவிட்டாள்.

"அவுக போயி ஒன்றரை வருசம் ஆச்சு. இனி ஒண்ணும் சொல்ல மாட்டாக. நான் சொல்லுதேன். எனக்குச் சம்மதம். தை பொறக்கட்டும், தட்டு மாத்திக்கிடுவோம்."

அந்தப் பக்கம் இருந்து "ரொம்பச் சந்தோசம் மதினி, ரொம்பச் சந்தோசம்" என்று வந்தது. அதன் பின்னாலேயே ஒரு தயக்கம். "அப்ப… உங்க பக்கம் தட்டு மாத்த யாரு நிப்பா? அண்ணாச்சி தம்பி யாராச்சும் வருவாகளா?"

தாலியறுத்தவள் தட்டைத் தொடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. அப்பாவுக்குத் தம்பி கிடையாது. தாய்மாமாவை நிற்கச் சொல்வார்கள், இல்லாவிட்டால் பெரியப்பா முறையில் யாரையாவது தேடிப் பிடிப்பார்கள். நான் 'மாமா' என்று வாயசைத்துக் காட்டினேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "நானே மாத்துதேன் மதினி" என்றாள். சொல்லிவிட்டுப் போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னா."

போனில் ஒரு ஆடு கத்தியது கேட்டது.

"சரி மதினி" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அப்ப எங்க பக்கமும் நானே மாத்துதேன். நீங்களும் நானும் மாத்திக்கிடுவோம். இவரு ஓரமா ஒரு சேரைப் போட்டு உக்காரட்டும்."

பின்னால் எங்கிருந்தோ ஒரு ஆண்குரல் கேட்டது.

"யாரு? யாரு ஓரமா உக்காரணுமாம்?"